உங்கள் பகுதியில் எச்.ஐ.வி. பரிசோதனை முகாம் நடத்துவது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இளைஞர் மன்றம், குடியிருப்போர் நலச் சங்கம், தொழிற்சங்கம், கல்லூரிச் செஞ்சுருள் சங்கம் என்று ஏதோ ஒன்றில் இருக்கிறீர்கள். எச்.ஐ.வி. விழிப்புணர்வுக் கூட்டமும் அதோடு பரிசோதனையும் வைக்கலாம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் தலையாட்ட, வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. யாரிடம் அனுமதி வாங்குவது, யார் ரத்தம் எடுப்பார்கள், யாருக்காவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றும் விளங்காமல்தான் நாங்களும் தொடங்கினோம். கேட்ட இடத்திலெல்லாம் துண்டு துண்டாகத்தான் தகவல் கிடைத்தது. அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அடுத்தவருக்காவது அலைச்சல் குறையும். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பந்தல், மைக், பேனர் எல்லாம் சுலபம். முடிவு தெரிந்த ஒருவர் மறுநாள் காலை எங்கே போவார், யாரோடு போவார் என்பதுதான் இதில் உண்மையான வேலை. ஆகவே கடைசியில் வர வேண்டியதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. தேதி குறிக்கும் முன் நம்பிக்கை மையத்துக்குப் போய்வாருங்கள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, வட்ட மருத்துவமனை, பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் நம்பிக்கை மையம் இருக்கிறது. ஐ.சி.டி.சி. என்று கேட்டாலும் வழி காட்டுவார்கள். அருகில் எது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

அங்கே இருக்கும் ஆலோசகரைப் பாருங்கள். முகாமுக்கு வர முடியுமா என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். முகாமில் ஒருவருக்கு முதல்கட்டப் பரிசோதனையில் ரியாக்டிவ் (எச்.ஐ.வி. இருக்கலாம், உறுதி செய்ய வேண்டும் என்ற முடிவு) வந்தால், உறுதிப்படுத்தும் பரிசோதனையை இதே மையத்தில் செய்வீர்களா என்று கேளுங்கள். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல்கட்டப் பரிசோதனை மட்டும்தான் நடக்கும். உறுதி செய்ய வேறு மையத்துக்கு அனுப்புவார்கள். அது எங்கே, எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த வாசல் வழியாகப் போனால் வெளிநோயாளிகள் கூட்டத்தைத் தாண்டாமல் போகலாம் என்றெல்லாம் நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நேரம். மையம் மாலை வரை திறந்திருக்கும், ஆனால் ரத்தம் எடுப்பது மதியத்தோடு நின்றுவிடும் என்கிற இடங்களும் உண்டு. பலகையில் இருக்கும் நேரத்தை நம்பாமல் ஆய்வக நுட்புநரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பயத்தோடு வரும் ஒருவரை "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அவர் நாளைக்கு வருவார் என்று சொல்வதற்கில்லை.

கடைசியாக ஏ.ஆர்.டி. மையம், அதாவது கூட்டு மருந்து சிகிச்சை மையம். உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இருக்கிறது, புதியவர்களை எந்த நாட்களில் பதிவு செய்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் ஒரு தாளில் வந்த பிறகு தேதியைப் பற்றிப் பேசலாம்.

2. கடிதம்: யாருக்கு, எப்போது, எதை இணைத்து

பரிசோதனைக் கருவிகளை நீங்களே வாங்கி வந்து, தெரிந்த செவிலியரை வைத்து நடத்துகிற வேலை இல்லை இது. அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். மாவட்ட அளவில் அதைப் பார்ப்பது மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு அலகு. டாப்கு என்றோ திஷா என்றோ சொல்லக் கேட்பீர்கள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். கடிதம் மாவட்ட அலகுக்குப் போகட்டும். நகல்களை நம்பிக்கை மையம் இருக்கும் மருத்துவமனையின் மருத்துவ அலுவலருக்கும், கிராமப்புறமானால் வட்டார மருத்துவ அலுவலருக்கும், மாநகராட்சியானால் நகர்நல அலுவலருக்கும் கொடுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். சங்கத்தின் பெயர், பதிவு எண், இடம், தேதி, கூடவே மாற்றுத் தேதி ஒன்று, தோராயமாக எத்தனை பேர் வருவார்கள், அவர்கள் என்ன வேலை செய்பவர்கள், நீங்கள் செய்து தரும் ஏற்பாடுகள் (தனி அறை, மேசை நாற்காலி, மின்வசதி, தண்ணீர், ஊழியர்களுக்கு வாகனம்) எல்லாம் இருக்க வேண்டும். இணைப்பாகச் சங்கப் பதிவுச் சான்றின் நகல், இடத்துக்குச் சொந்தக்காரர் கொடுத்த சம்மதக் கடிதம், பொறுப்பாளர் ஒருவரின் கைபேசி எண். பொது இடம் என்றாலோ ஒலிபெருக்கி வைத்தாலோ காவல் நிலையத்துக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம் என்பதால் எல்லோரும் அந்த வாரத்தைத்தான் கேட்பார்கள். ஊழியர்கள் பேரணி, உறுதிமொழி, போட்டி என்று ஓடிக்கொண்டிருப்பார்கள், உங்களுக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள். பிப்ரவரியிலோ ஜூலையிலோ கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்து வருவார்கள்.

கடிதம் கொடுத்த எல்லா இடத்திலும் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவே இல்லை. முடியாது என்று யாரும் சொல்லவில்லை, "வரும், பாப்போம்" என்று மட்டும்தான் பதில். முத்திரை குத்திய நகலைக் காட்டிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

நடமாடும் நம்பிக்கை மையம் உங்கள் மாவட்டத்தில் ஓடுகிறதா என்றும் கடிதம் கொடுக்கும்போதே கேளுங்கள். அது கிடைத்தால் தனி அறைக்கு அலைய வேண்டியதில்லை.

3. யாருக்காக நடத்துகிறீர்கள்?

"எல்லோருக்கும்" என்பதுதான் முதலில் வாயில் வரும் பதில். எச்.ஐ.வி. யாருக்கும் வரலாம், சரி. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் மட்டும் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூறு பேருக்குச் சோதித்து நூறு பேருக்கும் இல்லை என்று அறிக்கை கொடுப்பதில் கருவிகள் தீர்ந்ததுதான் மிச்சம். வேலைக்காக ஊர்விட்டு வந்து தங்கியிருப்பவர்கள், லாரி ஓட்டுநர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள் போன்ற, மருத்துவமனையின் வேலை நேரத்துக்கு வர முடியாதவர்களைத் தேடிப் போனால்தான் முகாமுக்கு அர்த்தம்.

பாலியல் தொழிலாளர்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசி வழியாகப் போதை எடுப்பவர்கள் ஆகியோரிடையே அரசு நிதியில் தொண்டு நிறுவனங்கள் ஏற்கெனவே வேலை செய்கின்றன. அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே அங்கே களப்பணியாளர்களாக இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு நீங்கள் நேராகப் போகாதீர்கள். பல ஆண்டாகச் சம்பாதித்த நம்பிக்கை அவர்களுடையது. எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்று மாவட்ட அலகில் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்களுக்கு உதவியாகச் செய்யுங்கள்.

பொதுவான முகாம் என்றால் எச்.ஐ.வி.யை மட்டும் தனியாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, காசநோய், சிபிலிஸ் ஆகியவற்றோடு சேர்த்து "உடல்நலப் பரிசோதனை முகாம்" என்று வைத்தால் உள்ளே நுழையும் ஒருவர் எதற்கு வந்தார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 6-ஆம் படியில் சொல்கிறேன்.

4. இடத்தை அமைப்பது

எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

நான்கு இடங்கள் வேண்டும்: பதிவு, ஒப்புதலுக்கு முந்தைய ஆலோசனை, ரத்தம் எடுக்கும் மேசை, முடிவு சொல்லும் அறை. முதல் மூன்றுக்கும் திரை போட்டுச் சமாளிக்கலாம், அதுவும் ஆலோசனை மேசைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி இருந்தால். முடிவு சொல்லும் இடத்துக்குக் கதவுள்ள அறையே வேண்டும். துணித் திரை ஆளை மறைக்கும், பேச்சை மறைக்காது. அந்த அறைக்கு இரண்டு வாசல் இருந்தால் ரொம்ப நல்லது. ஒரு வழியாக வந்தவர் இன்னொரு வழியாகப் போய்விடலாம், காத்திருப்பவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

காத்திருக்கும் வரிசை எதைக் கவனிக்கும் தெரியுமா? நேரத்தை. பத்து பேர் இரண்டிரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, பதினோராவது ஆள் இருபது நிமிடம் உள்ளே இருந்தால், அவர் வெளியே வரும்போது வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எத்தனை ரகசியக் காப்பு உறுதிமொழி கொடுத்தாலும் அந்தப் பார்வையில் எல்லாம் போய்விடும். அதனால் ரியாக்டிவ் வராதவர்களையும் ஐந்தாறு நிமிடம் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். அவர்களோடு பேச விஷயமா இல்லை, 10-ஆம் படியைப் பாருங்கள். ரியாக்டிவ் வந்தவரிடம் அங்கே சுருக்கமாகப் பேசிவிட்டு, விரிவான பேச்சை அன்றே வேறு இடத்திலோ மறுநாள் மையத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

காகிதமும் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் கடிதம் எழுதிக் கொடுத்தால் அதுவே அறிவிப்பாகிவிடும். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே நிற உறை கொடுங்கள். உள்ளே துண்டுப் பிரசுரம், ஆணுறை, மையத்தின் முகவரி எல்லாருக்கும் பொது. பரிந்துரைச் சீட்டு தேவையானவர் உறைக்குள் மட்டும் அதுவும் சேர்ந்து இருக்கும்.

பதிவு மேசையில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும் தன்னார்வலரை உட்கார வைக்காதீர்கள். டோக்கன் எண் போதும். உள்ளூர்க்காரர் ஒருவரைப் பதிவில் உட்கார வைத்தால் "நம்ம பையன்தானே" என்று நீங்கள் நினைப்பீர்கள். வருகிறவர் அவரைப் பார்த்ததுமே திரும்பிப் போய்விடுவார்.

நேரத்தைப் பொறுத்தவரை தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு மாலை 5 மணிக்குப் பிறகுதான் ஒழியும். ஊழியர்களின் வேலை நேரம் அதற்குள் முடிந்துவிடும் என்பதால் கடிதத்திலேயே நேரத்தைக் குறிப்பிட்டு ஒப்புக்கொள்ள வையுங்கள்.

5. பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்

இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை என்று போனால் பரிசோதனைக்கு வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பரிசோதனை அன்று மேடையே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவை வழியாக எச்.ஐ.வி. பரவும். ஆணுறை இல்லாத உறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து குழந்தைக்கு என்பவையே முக்கியமான வழிகள். தொடுவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, கழிப்பறை, கொசு எதிலும் பரவாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. இந்தக் கடைசி விஷயத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். பரிசோதனைக்குக் கை நீட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பவரை நகர்த்துவது பெரும்பாலும் இதுதான். பயமுறுத்தும் படங்கள் யாரையும் நகர்த்துவதில்லை, வீட்டுக்குத்தான் அனுப்பும்.

ஒரு பெட்டியை வைத்து, பெயரில்லாமல் கேள்வி எழுதிப் போடச் சொல்லுங்கள். சலூன் பிளேடு பற்றி நிச்சயம் ஒரு சீட்டு இருக்கும். எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. அதே பிளேடில் ஹெபடைடிஸ் பி வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், புது பிளேடு கேட்பது எப்படியும் சரியான பழக்கம் என்று சொல்லி முடித்துவிடலாம். முத்தம், பச்சை குத்துவது, வாய்வழி உறவு பற்றியும் வரும். பதில் தெரியாவிட்டால் ஆலோசகரிடம் மைக்கைக் கொடுங்கள், நீங்கள் ஊகித்துச் சொல்லாதீர்கள்.

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் கூட்டமைப்பு மாவட்டந்தோறும் உண்டு. அங்கிருந்து ஒருவர் வந்து பேசச் சம்மதித்தால் அதைவிட நல்ல பேச்சு கிடையாது. சம்மதித்தால் மட்டும். படம் எடுக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள், பேசச் சம்மதித்ததற்குப் படத்துக்கும் சம்மதம் என்று அர்த்தம் இல்லை.

6. ஒப்புதல்: சட்டம் சொல்வது

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 என்ற மத்தியச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. முகாம் நடத்துபவர் அதில் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று: விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் பரிசோதனை கூடாது. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. வேலைக்கோ படிப்புக்கோ சிகிச்சைக்கோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது.

3-ஆம் படியில் சொன்ன கண்ணி இதுதான். சர்க்கரைக்கு விரலைக் குத்தும்போதே "இதையும் சேர்த்துப் பார்த்துடலாம்" என்று எச்.ஐ.வி. சோதனையையும் செய்துவிடுவது. அது சட்டப்படி தவறு. எச்.ஐ.வி.க்கு என்று தனியாகச் சொல்லி, தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் சர்க்கரை மட்டும் பார்த்து அனுப்புங்கள், ஏன் வேண்டாம் என்று விசாரிக்காதீர்கள். ஒப்புதல் படிவம் மையத்திடமே இருக்கும், நீங்கள் ஒன்றை அச்சடிக்கத் தேவையில்லை.

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். பள்ளியில் விழிப்புணர்வுப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் நடத்தினால், மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து "ரிசல்ட் லிஸ்ட் ஒரு காப்பி எங்களுக்கும்" என்பார். கிடையாது. எண்ணிக்கையாகக்கூடக் கொடுக்காதீர்கள். ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் "ஒருவருக்கு ரியாக்டிவ்" என்று சொன்னாலே அது யார் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். பட்டியல் கிடையாது என்பதை அனுமதி வாங்கும் நாளிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒப்புக்கொள்ளாத நிர்வாகத்திடம் முகாம் வேண்டாம்.

ஆதார் அட்டை கட்டாயமா என்று வாசலில் கேட்பார்கள். முகாமில் சோதித்துக்கொள்ள அடையாள அட்டை எதுவும் கேட்காதீர்கள், நகலும் எடுக்காதீர்கள்.

7. ரத்தம் எடுக்கும் மேசை

பயிற்சி பெற்ற ஆய்வக நுட்புநரோ, செவிலியரோ, பயிற்சி பெற்ற களப்பணியாளரோதான் விரலைக் குத்த வேண்டும். உங்கள் பங்கு ஏற்பாடு மட்டும். ஆனால் சிலவற்றைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம். கருவிப் பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதி தாண்டாமல் இருக்கிறதா? வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பெட்டி கிடக்கிறதா? பொதுவாக இந்தக் கருவிகளை 30 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் அது விளையாட்டுக் காரியம் இல்லை. வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறதா? மங்கிய கோடு ஒன்று தெரிகிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு மரத்தடி நிழல் போதாது.

ஒவ்வொரு கருவிக்கும் முடிவைப் பார்க்க வேண்டிய நேரம் உறையிலேயே அச்சிட்டிருக்கும். குறித்த நேரத்துக்கு முன்னால் பார்க்கக் கூடாது, தாமதமாகவும் பார்க்கக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோடு (கருவி சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கோடு) தெரியாத சோதனை செல்லாது, புதிய கருவியில் திரும்பச் செய்ய வேண்டும்.

கழிவுகளைப் பிரிக்க வண்ணத் தொட்டிகளை மருத்துவமனையிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். விரலைக் குத்திய சிறு ஊசி (லான்செட்) துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு, கையுறை சிவப்புக்கு. எல்லாம் மருத்துவமனைக்கே திரும்பிப் போக வேண்டும். பந்தல்காரரின் குப்பையோடு ஒரு பஞ்சுகூடப் போகக் கூடாது.

யாருக்காவது ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை. 28 நாள் சாப்பிட வேண்டும்.

8. முடிவைச் சொல்வது

ஆலோசகர் மட்டும் சொல்வார். நீங்கள் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது. ஆனால் ஒரு விஷயம் உங்களுக்கும் உங்கள் தன்னார்வலர்களுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்: முகாமில் வரும் ரியாக்டிவ் என்பது எச்.ஐ.வி. இருக்கிறது என்ற முடிவு ஆகாது. அது ஒரே ஒரு கருவியின் முதல்கட்ட முடிவு. நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு கருவிகளில் சோதித்து மூன்றிலும் வந்தால்தான் உறுதி. அதுவரை யாரும் யாரிடமும் "பாசிட்டிவ்" என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம்.

கணவரையோ மனைவியையோ கூப்பிட்டுச் சொல்லும் வேலையும் உங்களுடையது இல்லை. இணையருக்குத் தெரிவிப்பது பற்றிச் சட்டத்தில் தனி விதி இருக்கிறது, அதை மருத்துவரும் ஆலோசகரும் பார்த்துக்கொள்வார்கள்.

9. கூடப் போவது

முகாமில் ரியாக்டிவ் வந்து, மையத்துக்குப் போகாமலே காணாமல் போகிறவர்கள்தான் இந்த வேலையின் பெரிய ஓட்டை. பரிந்துரைச் சீட்டைக் கையில் கொடுத்து "போய்ப் பாருங்க" என்றால் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். மருத்துவமனையின் நுழைவாயிலில் சீட்டு வரிசை, அறைக் குழப்பம், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

அதனால் கூடப் போகும் ஆள் ஒருவரை முகாமுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். அவர் வேறு பகுதிக்காரராக இருந்தால் நல்லது, கூட்டமைப்பிலிருந்து அனுபவமுள்ள ஒருவராக இருந்தால் மிக நல்லது. ரியாக்டிவ் வந்தவர் சரி என்றால் மட்டும் ஆலோசகர் அவரை அறிமுகப்படுத்துவார். மருத்துவமனை வாசலில் சந்திப்பதா, பேருந்து நிறுத்தத்திலா என்பதை ரியாக்டிவ் வந்தவரே சொல்லட்டும். மறுநாளே போக வேண்டும், மூன்றாம் நாள் என்று தள்ளினால் அது வராத நாளாகிவிடும். எனவே முகாமைச் சனிக்கிழமை மாலையில் வைக்காதீர்கள். ஞாயிறு மையம் இருக்காது, இரண்டு இரவு ஒருவர் அந்தச் செய்தியோடு தனியாகக் கிடக்க நேரிடும்.

உறுதியானால் அடுத்தது ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு. அங்கே நம்பிக்கை மையத்தின் பரிசோதனை முடிவு கட்டாயம் தேவை. முகவரிச் சான்று, அடையாள அட்டை, புகைப்படம் இருந்தால் எடுத்துப் போங்கள், இரண்டாம் அலைச்சல் மிச்சம். சிடி4 எண்ணிக்கை (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு), காசநோய் உள்ளிட்ட பரிசோதனைகள் செய்வார்கள். சிடி4 எவ்வளவாக இருந்தாலும் மருந்து தொடங்கலாம் என்பது 2017 முதல் நம் நாட்டு நடைமுறை. காசநோய் போன்ற வேறு சிக்கல் இல்லாவிட்டால் சில நாட்களிலேயே தொடங்கிவிடுவார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். பணம் கேட்கும் "தெரிந்த ஆள்" யாராவது மருத்துவமனை வளாகத்தில் குறுக்கே வந்தால் நேராக ஆலோசகரிடம் போய்விடுங்கள்.

கர்ப்பிணி ஒருவருக்கு ரியாக்டிவ் வந்தால் அன்றே வேகம் காட்டுங்கள். ஒன்றுமே செய்யாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. சிகிச்சை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

10. ரியாக்டிவ் வராதவரிடம் பேச வேண்டியது

"ஒன்றும் இல்லை, போகலாம்" என்று அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அந்த ஐந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் இடைவெளிக் காலம். தொற்று ஏற்பட்ட உடனே சோதனையில் தெரியாது. விரல் ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் விரைவுச் சோதனையில் தெரியவர 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். ஆக, போன வாரம் பயப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் இன்றைய முடிவு அதற்குப் பதில் சொல்லாது. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், அதுவரை ஆணுறை. கடந்த மூன்று நாளுக்குள் நடந்திருந்தால் இங்கே பேசிக்கொண்டிருக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், 72 மணி நேரக் கணக்கு அவருக்கும் பொருந்தும்.

சிலர் சோதித்துப் பார்ப்பதற்காகவே ரத்த தானம் செய்வார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று பெயர் சொல்லாமல் எல்லோரிடமும் சொல்லுங்கள். இடைவெளிக் காலத்தில் கொடுத்த ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறும்.

ஆணுறையைக் கையில் திணித்து அனுப்பினால் போதாது. தேதியைப் பார்ப்பது, உறையை அழுத்திக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது, பல்லால் கிழிக்காமல் இருப்பது, ரப்பர் ஆணுறையோடு தேங்காய் எண்ணெயோ வேறு எண்ணெயோ பயன்படுத்தக் கூடாது என்பது, இவற்றை மாதிரி வைத்துக் காட்டினால்தான் மனதில் நிற்கும். கடைசியில் சொன்ன எண்ணெய் விஷயம் ஆளுக்கு ஆள் புதுச் செய்தியாக இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

தொடர்ந்து ஆபத்தில் இருப்பவர்களுக்கு, எச்.ஐ.வி. வராமல் தடுக்க முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரையும் இருக்கிறது. மருத்துவர் சோதித்து எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்த பிறகு எழுதித் தர வேண்டிய மருந்து அது, தானாக வாங்கிச் சாப்பிடுவதில்லை.

11. செலவு

கருவி, ஆணுறை, துண்டுப் பிரசுரம் எல்லாம் அரசுத் திட்டத்திலிருந்து வரும். உங்கள் கைக்காசு இடம், நாற்காலி, மின்விளக்கு, உறைகள், ஊழியர்களை அழைத்துவரும் வண்டி, டீ ஆகியவற்றுக்குத்தான். இதிலெல்லாம் நன்கொடையாளர் கிடைப்பார். கிடைக்காத ஒன்று, ரியாக்டிவ் வந்தவரும் கூடப் போகிறவரும் மையத்துக்கும் பிறகு ஏ.ஆர்.டி. மையத்துக்கும் போய்வரும் செலவும், அன்றைய கூலி இழப்பும். பேனரைச் சின்னதாக அடித்து, அந்தப் பணத்தை இதற்குத் தனியாக எடுத்து வையுங்கள். நன்கொடையாளர் படம் எடுக்க ஆசைப்பட்டால் தொடக்கத்தில் காலி நாற்காலிகளோடு எடுத்துக்கொள்ளட்டும், வரிசை தொடங்கிய பிறகு யார் கையிலும் கேமரா வேண்டாம். கைபேசியும் சேர்த்துத்தான்.

12. முகாம் முடிந்த மாலை

பதிவேடும் ஒப்புதல் படிவங்களும் மையத்தின் ஊழியரோடு போக வேண்டும். உங்களிடம் நகல் வேண்டாம், வாட்ஸ்அப்பில் படம் வேண்டாம். டோக்கன் எண்ணும் பெயரும் சேர்த்து எழுதிய தாள் ஏதாவது பதிவு மேசையில் கிடந்தால் அங்கேயே கிழித்துவிடுங்கள். அறிக்கைக்கு எத்தனை பேர் பேச்சைக் கேட்டார்கள், எத்தனை பேர் சோதித்துக்கொண்டார்கள் என்ற இரண்டு எண் போதும்.

ஒரு வாரம் கழித்து ஆலோசகரைக் கூப்பிட்டு, அனுப்பியவர்களெல்லாம் வந்து சேர்ந்தார்களா என்று மட்டும் கேளுங்கள். யார் என்றோ என்ன முடிவு என்றோ கேட்காதீர்கள், அவரும் சொல்ல மாட்டார். வராதவர் இருந்தால் கூடப் போகும் ஆளை ஆலோசகர் சொல்படி இன்னொரு முறை பேசவிடுங்கள். அதற்கான பயணக் காசு பெட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று அந்த அழைப்புக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.